தகரக் கூண்டு

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் மீட்டர் என்று பெயர். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயர் வேறொன்று இருக்கிறது. அதை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். காலையில் பல் துலக்கிய கையோடு மாடிப்படிக்குக் கீழே போவார். அங்கே சுவரில் கொஞ்சம் உயரத்தில் மின்சார மீட்டர் இருக்கிறது. அதற்கென்றே ஒரு முக்காலி வைத்திருக்கிறார். அதன்மேல் ஏறி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி எண்ணைப் பார்ப்பார். எழுதி வைத்துக்கொள்வதில்லை. மண்டைக்குள்ளேயே நேற்றைய எண்ணைக் கழித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"நேத்து என்ன நடந்துச்சு?"

ஏதோ வீட்டுக்குள் கொலை விழுந்த மாதிரி கேட்பார். துணி தேய்த்தேன், தண்ணீர்த் தொட்டி நிரம்பியதைக் கவனிக்கவில்லை என்று நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் உலகத்தில் உண்டு. இவர் காக்கை உட்கார்ந்த கம்பிக்கு வாடகை கேட்கிற ரகம்.

ஒரு மருந்துக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கும் வேலை. அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே நடந்து நடந்து, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி வந்துவிட்டது. தட்டில் வைக்கிறதை எண்ணுவார். நான் விடுகிற பெருமூச்சையும் எண்ணியிருப்பார், அதற்கு மீட்டர் இல்லை, தப்பித்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான். அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் நானும் இருந்தேன். என் அப்பா வந்து தங்கிவிட்டுப் போனதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்குப் பக்கம். கண்ணில் தூசு படக்கூடாது, வேர்வை இறங்கக்கூடாது, சில நாள் மகள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். நல்ல கோடை. எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு ஏசி, கீழ்ப் படுக்கையறையில். "உங்கப்பா அந்த ரூம்லயே படுக்கட்டும், நாம ஹால்ல படுத்துக்கலாம்" என்று இவரே சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மனசு மட்டும்தான் குளிர்ந்தது. மறுநாள் காலையில் ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

போன் பண்ணிக் கேட்டேன். "மறந்தாப்புல எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். அதற்கு மறுநாளும் மறந்தாப்புலதான். கிடங்கு நிறைய இருக்கிற மாத்திரையில் ஓர் அட்டை குறைந்தால் வாசலிலேயே கண்டுபிடிக்கிற ஆளுக்கு, சட்டைப்பையில் முள்ளாய்க் குத்துகிற ரிமோட் மட்டும் மறந்துபோகும். ராத்திரி வந்து அரைமணி போட்டுவிட்டு, "ரூம் குளிர்ந்துடுச்சு" என்று அணைத்துவிடுவார். மேற்குப் பார்த்த சுவர் அது. சாயங்காலம் வரைக்கும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கக்கும். நான் ஈரத்துணியை வைத்துக்கொண்டு அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், வேர்வை கட்டுக்குள் இறங்கிவிடக் கூடாதே என்று.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சாயங்காலம் கேட்டேவிட்டேன். குரலை அடக்கித்தான் கேட்டேன். அவர் அடக்கவில்லை.

"உங்கப்பா என்ன ஏசியிலயா பொறந்து வளந்தாரு? நாலு நாள் ஃபேன்ல படுத்தா கரைஞ்சா போயிடுவாரு?"

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, கட்டுப் போடாத ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்தார். எங்கள் அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

விடிந்து நான் அந்த அறைக்குப் போனபோது அப்பா சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். போர்வை மடித்துத் தலையணைமேல் வைத்திருந்தது. ஃபேன் ஓடவில்லை. விளக்கும் இல்லை. இருட்டில் கழுத்தெல்லாம் வேர்வை மின்னியது. கிளம்புகிறவர், கையோடு அணைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி வீட்டுல போய் இருக்கேன்மா. அங்க காத்து நல்லா வரும்."

என் தம்பி இருந்தது ஒற்றை ஜன்னல் வைத்த வாடகை அறை. காற்று அங்கே விலாசம் விசாரித்துக்கொண்டுதான் வர வேண்டும். அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். கண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணால் அவர் எங்கள் வீட்டை அப்புறம் பார்க்கவே இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் ஒரு காரணம் சொன்னார். காரணங்கள் தீர்ந்துபோகும் முன் அவரே போய்விட்டார்.

சபதம் எடுக்கிற பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போடுவார்களாம். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டேன். இந்த மனிதர் ஒருநாள் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்க வேண்டும், அந்தச் சொல்லை நான் அவர் காதிலேயே திருப்பிப் போட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பொன்னும் பொருளும் கேட்கவில்லை.

அந்தப் பழைய ஏசியை அடுத்த கோடைக்குள் விற்றுவிட்டார், கரண்டைத் தின்கிறது என்று. விற்கும்போது கழற்ற வந்தது என் தம்பிதான். ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். கழற்றிக்கொண்டே, "இந்தா பாருக்கா, மூடிக்குக் கீழ ஒரு பட்டன். ரிமோட் தொலைஞ்சா இத அமுக்குனா போதும், ஓடும்" என்று பேச்சுவாக்கில் சொன்னான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கட்டில்மேல் ஏறி நின்று கையை நீட்டியிருந்தால் எட்டுகிற உயரம். அது தெரியாமல்தான் நான் ஈரத்துணியை வைத்துக்கொண்டு நின்றேன். தெரியாமல் போன அந்தப் பட்டனுக்கும் சேர்த்து இவர்மேல்தான் எழுதிக்கொண்டேன். வட்டி ஏறிக்கொண்டே போனது.

பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். பூமி எனக்கு எதற்கு? மொட்டை மாடி போதும். இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பெற்றதும் அவருக்கும் வேர்க்க ஆரம்பித்தது. கிடங்கில் மருந்து கெடாமல் இருப்பதற்காக நாள் முழுக்க ஏசி ஓடும். அங்கே அந்தக் குளிரில் உட்கார்ந்து பழகிய உடம்பு. மாடியில் தனக்கென்று ஓர் அறையைக் கட்டினார். கட்டில், குளியலறை, ஒரு சாய்வு நாற்காலி, புத்தம்புது ஏசி. நானும் அந்த அறையில் படுப்பேனா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஆளுக்குத்தானே என்று இருப்பதிலேயே சின்ன அளவு மெஷினாகப் பார்த்து வாங்கினார்.

மாட்டத் தம்பி வந்தான். தொழிலில் அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளியே வைக்கிற பெட்டிக்கு இடம் சரியில்லை என்றால் மாட்ட மாட்டான். வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சண்டைக்கு நிற்பான். "ரூம்ல இருக்கற சூட்டையெல்லாம் வாங்கி வெளிய துப்புற பெட்டிக்கா அது. துப்புறதுக்கு எடம் வேணும். துப்புன சூட்டையே திரும்ப இழுத்தா அதுக்கு மூச்சு முட்டும், கரண்டும் கன்னாபின்னான்னு ஏறும்" என்று எனக்கே பலதடவை சொல்லியிருக்கிறான். இந்தச் சண்டையால் அவனுக்குப் போன வேலைகள் நிறைய.

இவர் அவனை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினார். வெளிப்பெட்டிக்கென்று ஒரு கூண்டு கட்டி வைத்திருந்தார். மூன்று பக்கம் செங்கல், மேலே தகரம், முன்னால் தகரக் கதவு, கதவுக்குப் பூட்டு. தெருக்கோடி வீட்டில் எவனோ செம்புக் குழாயை வெட்டிக்கொண்டு போனதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

"திருடனுக்கு மட்டும் இல்ல மச்சான். வெளிப்பெட்டி நெழல்ல இருந்தா கரண்டு கம்மியா இழுக்கும்னு பேப்பர்ல போட்டிருந்தான். ஒரு பொட்டு வெயில் படாது பாரு."

நிழல் நல்லதுதான். நிழலுக்கும் சவப்பெட்டிக்கும் வித்தியாசம் இருக்கிறது. தம்பி வாயைத் திறந்தான். அவன் சண்டைக்குத் தயாராகும்போது இடது கை இடுப்புக்குப் போகும், போயிற்று. அதற்குள் நான் டீயோடு படியேறி வந்துவிட்டேன்.

"மாமா சொன்ன மாதிரியே மாட்டுடா."

அவன் என்னைப் பார்த்தான். இவர் கீழே போனதும் பிடித்துக்கொண்டான். "அக்கா, வெளையாடறியா? இது கூண்டு இல்ல, அடுப்பு. கோடை வந்தா ரூம் குளிராது, பில்லு பாத்து மாமாவுக்கு மாரடைப்பு வரும்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"அன்னைக்கு அப்பா உன் ரூமுக்கு வந்து எறங்குனாரே, சட்டை எப்படி இருந்துச்சு?"

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "நனைஞ்சிருந்துச்சு" என்றான். பிறகு துளைபோடுகிற மெஷினை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. ஒரு திருகைக்கூடத் தளர்த்தி வைக்கவில்லை. மனிதர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவருக்குத் தனியாக மந்திரவாதி எதற்கு?

குளிர் காலம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. வெளியே குளிர்ந்த காற்று இருந்ததால் கூண்டுக்குள் சூடு தங்கவில்லை. "பாத்தியா, கண்ணுக்கே தெரியாம ஓடுது மீட்டரு" என்று முக்காலிமேல் நின்று மார்தட்டிக்கொண்டார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். பூனை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது.

கோடை வந்தது. முதலில் அறை குளிர நேரமானது. பிறகு பாதிதான் குளிர்ந்தது. இருபத்தைந்தில் வைத்திருந்ததை இருபதுக்கு இறக்கினார், அப்புறம் பதினாறுக்கு. எண்ணைக் குறைத்தால் குளிர் ஓடிவரும் என்று நினைக்கிற கூட்டத்தில் இவரும் ஒருவர். அது வேகத்தைக் கூட்டுகிற சமாசாரமே இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்கிற எண் அது. எட்டவே முடியாத இடத்தைக் காட்டி ஓடு என்றால், அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கூண்டுக்குள் தான் துப்பிய அனலைத் தானே இழுத்துக்கொண்டு ஓடியது. இதை எனக்குச் சொன்னது தம்பி. இவருக்கு நான் சொல்லவில்லை.

சும்மாயிருக்கப் பிடிக்காமல் நானும் என் பங்குக்குக் கொஞ்சம் கைகொடுத்தேன். மேற்கு ஜன்னல் திரைச்சீலையைத் துவைக்கிறேன் என்று கழற்றினேன், துவைத்தேன், திரும்ப மாட்டவில்லை. மொட்டை மாடியில் தூசு என்று ஈரத்துணிகளை அவர் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப் போட்டேன். அந்த ஈரத்தையும் பிழிந்து வெளியே அனுப்புகிற வேலை பாவம் அந்த மெஷின் தலையில்தான் விழும். உள்ளே இருக்கிற வலையில் தூசு படிந்து பூனை முடி மாதிரி தொங்கியது. அதை நான் தொடவில்லை. மாட்டிய அன்றே, "ரிமோட்டும் மெஷினும் என் பொறுப்பு, யாரும் கை வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டிருந்தார். கணவன் சொல்லைத் தட்டாத மனைவி நான்.

மீட்டர் ஓடியது. இவர் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. முதலில் ராத்திரியில் ஃபிரிட்ஜை அணைத்தார், பால் திரிந்தது. இஸ்திரிப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் நம் கம்பியில் கொக்கி போட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டு, அவர் வீட்டுச் சுவரை டார்ச் அடித்துத் தடவிப் பார்த்து, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏசியா இருக்குமோ?" என்று நானே ஒருநாள் கேட்டேன். அப்பாவியாய்க் கேட்டேன்.

"அதெப்படி? அது நெழல்ல இருக்கு" என்றார்.

கடைசியில் மீட்டரே கெட்டுப்போய்விட்டது என்று மின்சார அலுவலகத்தில் மனு கொடுத்தார். ஓர் ஆள் வந்து என்னென்னவோ மாட்டிச் சோதித்துவிட்டு, "மீட்டர் தங்கமான மீட்டர் சார். வீட்டுக்குள்ளதான் என்னமோ உக்காந்து தின்னுது" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த ஆளுக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

அந்த வாரமே அது நடந்தது. காலையில் முக்காலிமேல் ஏறி எண்ணைப் பார்த்தவர், நம்ப முடியாமல் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறார். நான் சத்தம் கேட்டு ஓடினேன். முக்காலி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். கால் மடங்கிக் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இது என் திட்டத்தில் இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் நான் என்ன செய்வது?

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அசையக் கூடாது. கீழ் அறையிலேயே படுங்கள் என்று தம்பி சொன்னதற்கு, "பணத்தக் கொட்டி எதுக்குடா கட்டுனேன்? என் ரூமுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார். தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். டார்ச் அடித்ததை மறந்துவிட்டு வந்த மகராசன். கட்டிலில் கிடத்தும்போது அவர் சட்டைப்பையிலிருந்து ரிமோட் நழுவியது. குனிந்து எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எல்லோரும் போனார்கள். உச்சி வெயில். திரை இல்லாத ஜன்னல் வழியாகச் சூடு இறங்கியது. மாவுக்கட்டுக்குள் அவருக்கு அரித்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கோரமாக இறங்கியது.

"ஏசியப் போடு."

நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை.

"ஏய், ஏசியப் போடுன்னேன்."

"நீங்க என்ன ஏசியிலயா பொறந்து வளந்தீங்க? நாலு நாள் ஃபேன்ல படுத்தா கரைஞ்சா போயிடுவீங்க?"

எத்தனையோ கோடையாக நாக்குக்கு அடியில் வைத்திருந்த சொல். எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கறுக்கும், சுருங்கும், தலை குனியும் என்று எதிர்பார்த்தேன்.

"என்னடி உளர்ற? வெயில் ஏறிப்போச்சா?"

"நீங்க எங்கப்பாவச் சொன்னது."

"நான் எப்ப சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா நான் இத்தனை காலம் அந்தச் சொல்லைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்? அடித்தவனுக்கு மறந்துபோகும், அடிபட்டவனுக்கு மறக்காது என்பது சரிதான். ஆனால் மறந்துபோனவனைப் பழிவாங்குவது, தூங்குகிறவனை ஏசுவது மாதிரி, வாய்தான் வலிக்கும். "ஞாபகம் வர்ற வரைக்கும் கெடங்க" என்று சொல்லிவிட்டு, ஃபேனை மட்டும் போட்டுவிட்டுக் கீழே வந்தேன். மேலேயிருந்து கூப்பிட்டார், கத்தினார், கடைசியில் அடங்கினார். நான் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் போய் ஏசியைப் போட்டுவிட்டேன். பாவம் பார்த்து இல்லை. மயங்கிக் கியங்கி வைத்தால் ஆஸ்பத்திரிக்கு அலைகிறது யார்? மறுநாளும் போட்டேன். ஆனால் அது போட்டும் குளிரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்ததில் அவருக்கு அதுவரை கேட்காத ஒன்று கேட்டது.

"இந்தா, அந்த வெளிப்பெட்டி நிக்கவே மாட்டேங்குது. எங்க கிடங்குல ஓடும், நிக்கும், ஓடும், நிக்கும். இது மூச்சே விடாம ஓடுது. உன் தம்பியக் கூப்பிடு."

எண்ணுகிற காது. ஓடாத நேரத்தை எண்ணப் பார்த்திருக்கிறது, எண்ண ஒன்றுமே கிடைக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

தம்பி வந்து தகரக் கதவின் பூட்டைத் திறந்தான். குப்பென்று அடித்த அனலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அறைக் கதவு அந்தப் பக்கமாகவே இருந்ததால் இவர் கட்டிலிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தார். அந்தச் சூடு அவர் கால்மாடு வரை வந்தது.

"கூண்டுதான் மாமா. துப்புனதையே திரும்பத் திரும்ப இழுக்குது. பாதிக் கரண்டு வெட்டியாப் போயிருக்கு."

"அன்னைக்கே ஏன் சொல்லல? ஊருக்கெல்லாம் சண்ட போடுவியே?"

தம்பி ஸ்பானரைக் கையில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றேன்.

"எதுக்கு?"

"எங்கப்பாவுக்காக. ரிமோட்ட சட்டைப்பையில போட்டுட்டுப் போனீங்களே, அதுக்காக. அவர் காதுபடச் சொன்னீங்களே, அதுக்காக. அதுக்கப்புறம் அவர் இந்த வாசப்படிய மிதிக்கவே இல்ல, அதுக்காக."

இவர் கூரையைப் பார்த்தார். பிறகு சலித்துக்கொண்டே, தன்மேல் வீண்பழி போட்டுவிட்ட மாதிரி சொன்னார்.

"நீதான் அதப் பெருசாக்கி வச்சிருக்க. உங்கப்பா ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. கெளம்புன அன்னைக்குக் காலையில எங்கிட்ட வந்து நல்லாத்தான் பேசுனாரு."

ஞாபகம் இல்லையாம். காலை, மனிதர், பேச்சு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

"என்ன பேசுனாரு?"

"நான் மீட்டர் பாத்துட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னாரு. 'நான் வந்ததால எவ்வளவு ஓடுச்சுங்க மாப்பிள்ளை?'ன்னு கேட்டாரு."

தம்பி கையில் ஸ்பானர் உருள்வது நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்துச் சொன்னேன். நேத்து மட்டும் ஏழு யூனிட்னு. கேட்டாரு, சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்? 'சரிங்க மாப்பிள்ளை'ன்னுட்டு உள்ள போனாரு. கோவமாவா போனாரு? இல்லையே."

உள்ளே போய் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். ஃபேனை அணைத்தார். விளக்கை அணைத்தார். போர்வையை மடித்தார். நான் வந்து பார்க்கிற வரைக்கும் அந்த இருட்டில், மருமகனுக்கு மேற்கொண்டு ஒரு புள்ளி ஓடிவிடக் கூடாது என்று, கண்கட்டுக்கு மேலே வேர்வை வழிய உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற அவசரத்தில் அணைத்தார் என்று நினைத்திருந்தேனே, நான் ஒரு மடச்சி. இந்த மனிதருக்கு அந்த ஏழு மறக்கவில்லை. என் அப்பா முகம் மறந்திருக்கும், எண் மறக்கவில்லை.

தம்பி வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நான் அதுவரை வைத்திருந்த கோபமெல்லாம் சிறுபிள்ளைக் கோபம் என்று தோன்றியது. தகரம், ஈரத்துணி, திரைச்சீலை, எல்லாம் விளையாட்டு. சூட்டில் கிடந்தால் இவருக்கு உறைக்காது. இவருக்கு உறைக்கிற இடம் வேறு.

"கழட்டுடா" என்றேன்.

"அக்கா?"

"தகரத்த எல்லாம் கழட்டு. செங்கல்லயும் இடிச்சுடு. மாமா நல்லா குளுகுளுன்னு இருக்கட்டும்."

தம்பி கழற்றினான். மேல் தகரத்தை மட்டும் உயரத் தூக்கிப் பந்தல் மாதிரி போட்டுவிட்டான், நிழலும் இருக்கும், காற்றும் போகும். தூசு வலையை நான் குழாயடியில் வைத்துக் கழுவினேன். கருப்பாய்த் தண்ணீர் ஓடியது. கொடியை அவிழ்த்தேன். திரைச்சீலையை மாட்டினேன். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் பழைய துணியைச் சுருட்டி வைத்தேன். இருபத்தைந்தில் வைத்ததுமே அறை குளிர்ந்தது. வெளிப்பெட்டி கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, அப்பாடா என்று நின்றது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, "இது முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல" என்றார். இடுப்பிலிருந்த ரிமோட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். சந்தேகமாகப் பார்த்தார். பிறகு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலையில் பல் துலக்கிய கையோடு முக்காலியைத் துடைத்து நேரே வைத்து ஏறினேன். எண்ணைப் பார்த்தேன். மண்டைக்குள்ளேயே கழித்தேன். எனக்கும் கணக்கு வரும். படியேறி அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"நேத்து உங்களால ஆறு யூனிட் ஓடுச்சு."

சிரித்தார். "தேவலையே, கொறஞ்சிருக்கே" என்றார்.

அதற்கடுத்த நாளும் போய்ச் சொன்னேன். அதற்கடுத்த நாளும். காப்பி கொண்டுபோவேன், தலையணையைச் சரி செய்வேன், காலுக்கு அணை வைப்பேன். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று எண்ணைச் சொல்லுவேன். ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்து ஓடிய எண் அது. நான் எதையும் கழிக்கவில்லை. அன்று அவரும் கழித்திருக்க மாட்டார்.

"இப்ப எதுக்கு இதத் தெனமும் வந்து சொல்ற?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"ஓடுனதச் சொல்றேன். பொய்யா சொல்ல முடியும்?"

அவர் முகம் அப்போது மாறியது. நான் அன்று எதிர்பார்த்த மாதிரியே மாறியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் படியேறுகிற சத்தம் கேட்டாலே போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொள்வார். போர்வைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வருவேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் புழுக்கம் அடித்தது. ஏசி ஓடவில்லை. ஃபேன் சுவிட்ச் கட்டிலுக்கு எட்டுகிற தூரம்தான், அதுவும் அணைந்திருந்தது. திரை மூடிய இருட்டில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"ஏன் அணைச்சீங்க?"

"வேணாம்" என்றார். "போதும். இருந்துக்கறேன்."

தட்டை வைத்தேன். தலையணைக்கு அடியில் கைவிட்டு ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டேன். ஃபேனையும் போட்டேன். போர்வையை உதறி அவர் கழுத்துவரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டேன். ரிமோட்டை இந்தத் தடவை அவருக்குத் திருப்பித் தரவில்லை.

"நல்லா படுத்துத் தூங்குங்க" என்றேன். "எவ்வளவு ஓடுச்சுன்னு காலையில வந்து சொல்றேன்."